20 பீஸ் நெயில் ஆர்ட் பிரஷ் செட்: நாத்தனார் வளைகாப்புக்கு பத்து விரல்லயும் பூ வரைஞ்ச அனுபவம்

மொதல்லயே சொல்லிடுறேன், யாரும் ஓசியில குடுத்து எழுதச் சொல்லல, 249 ரூபாய் என் சொந்தக் காசு. வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு வளைகாப்பு, ஒரு காதுகுத்து, பொண்ணோட ஸ்கூல் ஆண்டு விழா, அது போக ஞாயித்துக்கிழமை மத்தியானம் சும்மா உக்காந்து கிறுக்குனது எல்லாம் சேத்தா எப்படியும் இருவது தடவைக்கு மேல பொழங்கிட்டேன், அதான் இப்ப எழுதுறேன். பார்சல் பிரிச்ச அன்னிக்கே அஞ்சு ஸ்டார் குத்திட்டுப் போறவங்கள நம்பித்தான் நானும் வாங்குனேன், அவங்களச் சொல்லியும் குத்தமில்ல, பிரிச்ச அன்னிக்கு பாக்க நல்லாத்தான் இருக்கு.

வாங்குனதுக்கு காரணம் என் நாத்தனாரோட வளைகாப்பு. வளைகாப்பு போட்டோல முகத்த விட கைதான் ஜாஸ்தி வரும், வர்றவங்க ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு சந்தனம் தடவி வளையல் போட்டு விட, போட்டோக்காரர் அதையே விடாம குளோசப்புல எடுத்துக்கிட்டு இருப்பாரு. அவளுக்கு நகத்துல பூ இருக்கணும்னு ஆச. பார்லர்ல கேட்டா பாலிஷ் தனி, கையால வரையிற பூவுக்கு விரலுக்கு 150 ரூபாய்னாங்க, பத்து விரலுக்கு கணக்கு போட்டுப் பாத்துட்டு, “அண்ணி நீங்கதான் மார்கழி முழுக்க அவ்வளவு பெரிய கோலம் போடுறீங்கல்ல, நீங்களே போட்டு விடுங்க”ன்னுட்டா. வாசல் பூரா போடுற கோலத்துக்கும் ஒரு புளியங்கொட்டை சைஸ் நகத்துக்கும் என்னடி சம்பந்தம்னு அப்ப எனக்கும் கேக்கத் தோணல, நானும் பெருமையா சரின்னுட்டேன்.

செட்டுல என்ன வருதுன்னா 15 பிரஷ், 5 டாட்டிங் டூல். டாட்டிங் டூல்னா பேனா மாதிரி இருக்கும், ரெண்டு முனையிலயும் குண்டூசித் தலை மாதிரி சின்ன உலோக உருண்டை, ஒவ்வொன்னும் ஒரு சைஸ், ஆக அஞ்சு டூலுக்கு பத்து சைஸ் புள்ளி. எந்த பிரஷ் எதுக்குன்னு ஒரு துண்டு பேப்பர் கூட உள்ள இல்ல. டப்பா மேல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கை, நகத்துல செர்ரி மரத்துப் பூ. அம்புட்டுதான்.

பிரஷ் ஒவ்வொன்னுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்துச்சு, மூணு பிரஷ்ல மூடிக்குள்ள முடி மடங்கி மாட்டிக்கிட்டு வந்திருக்கு, ஒன்னுல அந்த தகரப் பிடியே லொடலொடன்னு ஆடுது. முடி எல்லாம் தொட்டா ஊசி மாதிரி கெட்டியா இருக்கேன்னு நெனச்சேன், அது வழியில கூர் கலையாம இருக்க பசை போட்டு அனுப்புறது, வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு நிமிஷம் ஊற விட்டு விரலால மெதுவா உருவி விட்டா சரியாயிடும். இதத் தெரியாம நான் அப்படியே விரிச்சு விட்டு ஒரு நல்ல பிரஷ்ஷ முதல் நாளே காலி பண்ணேன், நீங்க பண்ணாதீங்க. மடங்கி வந்த மூணுல ரெண்டு, முடிய சுடுதண்ணில காட்டி விரலால நேரா உருவி விட்டு ராத்திரி காய வச்சதும் பரவால்ல, ஒன்னு கடைசி வரைக்கும் தலைமுடி சிலுப்பிக்கிட்டுதான் நிக்குது. வித்தவங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்புனேன், மாத்தித் தர்றோம்னு மெசேஜ் வந்துச்சு, அதோட சரி, அதுக்கப்புறம் பதிலே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முதல் தடவ நான் பண்ண தப்பு, நெயில் பாலிஷயே அந்த சின்ன பிரஷ்ல தொட்டு வரைய உக்காந்தது. மெரூன் பாலிஷ் ரெண்டு கோட் போட்டு காய வச்சு, வெள்ளை பாலிஷ ஒரு துண்டு ஃபாயில் பேப்பர்ல ரெண்டு சொட்டு விட்டு, மெல்லிசு பிரஷ்ல தொட்டு இதழ் இழுக்கப் பாத்தா, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா இழுக்குது. மொத இதழ் ஒழுங்கா வந்துச்சு, ரெண்டாவது கொழகொழன்னு, மூணாவது இதழுக்கு வரும்போது பிரஷ் முடி எல்லாம் ஒட்டிக்கிட்டு குச்சி ஆயிடுச்சு. மேல ஃபேன் வேற ஓடுது. பாலிஷுங்கிறது நைட்ரோசெல்லுலோஸ எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் மாதிரி சரசரன்னு ஆவியாகுற திரவத்துல கரைச்சு வச்சதுதான், திரவம் பறந்ததும் படலம் நின்னுரும். பாட்டில்ல இருக்குற வரைக்கும் சமத்து, ஒரு சொட்டா வெளிய வந்துட்டா ஒரு நிமிஷம் கூட தாங்காது, அதுவும் மதுரை வெயில்ல ஃபேனுக்கு அடியில. அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அஞ்சு விரலயும் துடைச்சுப் போட்டுட்டு செட்டு மோசம்னு திட்டிக்கிட்டே படுத்தேன். செட்டு மேல தப்பு பாதிதான்.

மறுநாள் என் பொண்ணு, எட்டாவது படிக்கிறா, அவ கிராஃப்ட் டப்பாவ எடுத்துட்டு வந்து, “அம்மா இதுல வரைஞ்சு பாருங்க”ன்னு நீட்டுனா. ஃபெவிக்ரில் அக்ரிலிக் கலர், 15 மில்லி குட்டி பாட்டில், பானையில, துணியில வரைவோமே அதேதான். அன்னிக்குத்தான் இந்த பிரஷ் எல்லாம் எதுக்கு செஞ்சதுன்னே புரிஞ்சுச்சு. தண்ணில கரையிற பெயின்ட், நூல் இழுக்காது, பிரஷ் முனை கூர் கலையாது, தப்பாப் போச்சுன்னா ஈரமான பட்ஸால ஒத்தி எடுத்தா அந்த இதழ் மட்டும் போயிரும், அடியில இருக்குற பாலிஷ் அப்படியே இருக்கும். அந்த ஒரு வசதிக்கே கோவில் கட்டலாம். பாலிஷ்ல வரைஞ்சு ஒரு இதழ் தப்புனா ரிமூவர் வச்சு மொத்த விரலயும் துடைச்சு மறுபடி ஒன்னாம் கோட்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ஒன்னு மட்டும் சொல்லணும், அந்த பெயின்ட் நகத்துக்குன்னு செஞ்சது இல்ல. அதனால வெறும் நகத்துல நேரா போடாதீங்க, பேஸ் கோட், கலர் பாலிஷ், அது மேல பெயின்ட், அதுக்கும் மேல டாப் கோட், அப்படி நடுவுல மாட்டிக்கிட்டு இருக்குற மாதிரிதான் போடணும், தோல்ல பட்டா கழுவிடணும். நகம் கடிக்கிற புள்ளைங்களுக்கு வேணவே வேணாம், என் பொண்ணுக்கு பரிட்சை வந்தா பத்து விரலும் வாயிலதான், அதனால அவளுக்கு ஆண்டு விழாக்கு ஒரு நாள் போட்டு மறுநாள் எடுத்துட்டேன்.

சரி, பிரஷ்ஷுக்கு வருவோம். பதினஞ்சுல நான் நெஜமா பொழங்குறது நாலே நாலு. மெல்லிசு லைனர் ரெண்டு, ஒன்னு முடி குட்ட, ஒன்னு நீளம். குட்டைய வச்சு இதழ் ஓரம், இலை நரம்பு, நீளமானத வச்சு கொடி, தண்டு. நீள முடிய பாத்தா பயமா இருக்கும், ஆனா நீளமா இருந்தாத்தான் கோடு ஆடாம ஓடும், ஏன்னா கை நடுங்குற நடுக்கம் முனை வரைக்கும் போறதுக்குள்ள அடங்கிரும். அடுத்து சாய்வா வெட்டுன தட்டை பிரஷ் ஒன்னு, இதான் செட்டுலயே உருப்படி, இது பத்தி கீழ சொல்றேன். நாலாவது சின்ன வட்ட பிரஷ், அழுத்துனா ஒரே அழுத்துல ஒரு இதழ் விழும். மிச்சம் பதினொன்னு? விசிறி பிரஷ் ஒன்னு இருக்கு, நகத்த விட அகலம், அத வச்சு என்ன பண்ணச் சொல்றாங்கன்னு தெரியல, எங்க வீட்டுக்காரர் லேப்டாப் கீபோர்டு தூசி தட்ட எடுத்துக்கிட்டாரு. ஒரே மாதிரி தட்டை பிரஷ் மூணு நாலு இருக்கு, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலும் வித்தியாசம் தெரியல, எண்ணிக்கைய கூட்டிக் காட்டத்தான் போட்டிருக்காங்க.

டாட்டிங் டூலுக்கு மட்டும் நான் முழு மார்க் போடுவேன். அதுல கெட்டுப் போறதுக்கு ஒன்னுமில்ல, துடைச்சா புதுசு. புள்ளி வச்சுப் பழகுன கைக்கு அது சொந்த வீடு மாதிரி. அஞ்சு புள்ளிய வட்டமா வச்சு நடுவுல மஞ்சள் புள்ளி வச்சா ஒரு பூ, காயுறதுக்குள்ள ஒவ்வொரு புள்ளியையும் குட்டி முனையால நடு வரைக்கும் இழுத்து விட்டா இதழுக்கு கூர் வந்து இன்னொரு பூ. பெயின்ட்ட ஒரு தடவ தொட்டு ரெண்டு மூணு புள்ளி வச்சா ஒவ்வொன்னும் முந்துனத விட சின்னதா விழும், அத வச்சே பெரிய பூ, சின்ன பூ, மொட்டுன்னு ஒரு கொத்து கொண்டு வந்துரலாம், டூல் மாத்தவே வேணாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க மொத ஒரு மாசம் பிரஷ்ஷத் தொடாம டூல வச்சே ஓட்டலாம்னுதான் சொல்வேன்.

அந்த செர்ரிப் பூ, டெய்சி, ரோஜா எல்லாம் வீடியோல பாத்து ரெண்டு நாள் வரைஞ்சேன், வந்துச்சு, ஆனா வளைகாப்புக்கு பட்டுச் சேலை கட்டி கண்ணாடி வளையல் அடுக்குன கையில டெய்சிப் பூ ஒட்டாம நின்னுச்சு. அப்பத்தான் வாசல்ல இருக்குற செடியப் பாத்து வரைவோம்னு தோணுச்சு. நந்தியாவட்டை ரொம்ப சுலபம், அஞ்சு இதழ் வெள்ளை, ஒவ்வொரு இதழும் காத்தாடி மாதிரி ஒரே பக்கம் திரும்பி இருக்கும், அந்தத் திருப்பத்த மட்டும் புடிச்சிட்டா யாரும் பாத்த உடனே சொல்லிருவாங்க. ஆவாரம்பூ மஞ்சள், மெரூன் மேல மஞ்சள் நேரா போட்டா எடுபடாது, அழுக்கா தெரியும், மொதல்ல வெள்ளைல வரைஞ்சு காய வச்சு அதுக்கு மேல மஞ்சள் போட்டாத்தான் பளிச்சுன்னு வரும். சங்குப்பூ ஊதா நல்லா வந்துச்சு, நடுவுல மட்டும் கொஞ்சம் வெள்ளையும் மஞ்சளும். மல்லிதான் என்னைய அவமானப்படுத்துனது. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு, என் கையில அது நகத்துல ஒட்டுன சோத்துப் பருக்கை மாதிரி நிக்குது, அத்தை பாத்துட்டு, “கைய ஒழுங்கா கழுவலையாத்தா”ன்னாங்க. அப்புறம் மொட்டுக்கு அடியில லேசா பச்சை, காம்புப் பக்கம் ஒரு இளம்பச்சைக் கோடு இழுத்து, தனித்தனியா விடாம சரம் மாதிரி ஜோடி ஜோடியா அடுக்குனதும்தான் மல்லியாச்சு.

செம்பருத்தி கட்டைவிரலுக்குன்னே ஒதுக்கி வச்சேன், பெரிய நகம் அதுதான். இங்கதான் அந்த சாய்வு பிரஷ். ஒரு ஓரத்துல சிவப்பு, இன்னொரு ஓரத்துல வெள்ளை தொட்டு, பழைய தட்டு மேல அங்கிட்டும் இங்கிட்டும் நாலு இழுப்பு இழுத்தா ரெண்டும் நடுவுல கலந்து ரோஸ் ஆகும். அப்புறம் வெள்ளை ஓரம் வெளிய பாக்க வச்சு, பிரஷ்ஷ அழுத்தி லேசா நடுங்க விட்டுக்கிட்டே அரை வட்டம் சுத்துனா, ஒரே சுத்துல ஓரம் அலையா வெளுத்து உள்ள போகப் போக சிவக்குற இதழ் வந்துரும். மொத தடவ அது வந்தப்ப நானே ஏய்னு கத்திட்டேன். அஞ்சு இதழ், நடுவுல கருஞ்சிவப்பு, அதுல இருந்து வெளிய நீட்டுற தண்டு, அந்தத் தண்டு சுத்தி மஞ்சப் பொடி புள்ளிங்க, முனையில மட்டும் அஞ்சு குட்டி சிவப்புப் புள்ளி. நெஜப் பூவுலயும் அஞ்சுதான் இருக்கும், நான் வாசல்ல போய் ஒன்ன பறிச்சு எண்ணிட்டு வந்துதான் வச்சேன். அந்த அஞ்சு புள்ளிக்கு டாட்டிங் டூல்ல இருக்குறதுலயே குட்டி முனை கூட பெருசாப் போச்சு, கடைசில ஊக்கு முனையால வச்சேன், அத செட்டோட குறைன்னும் எழுதிக்கோங்க.

ரெண்டாவது சோதனை டாப் கோட்ல. அவ்வளவு பாடுபட்டு வரைஞ்சு, அவசரப்பட்டு அஞ்சே நிமிஷத்துல டாப் கோட் பிரஷ்ஷ அழுத்தித் தேச்சேன் பாருங்க, செம்பருத்தி நகம் பூரா குங்குமம் கொட்டுன மாதிரி ஆயிடுச்சு. பெயின்ட் மேல காஞ்ச மாதிரி இருக்கும், திக்கா போட்ட எடத்துல உள்ள ஈரம் இருக்கும். குறைஞ்சது கால் மணி நேரம் விடணும், அப்புறம் டாப் கோட்ட தாராளமா ஒரு சொட்டு எடுத்து, பிரஷ் முடி நகத்துல படாம அந்தச் சொட்டு மட்டும் மெதக்குற மாதிரி இழுத்துட்டு வரணும், தோசைக்கல்லு மேல மாவு பரப்புற அழுத்தம் எல்லாம் கூடாது. நக நுனி விளிம்பையும் ஒரு இழு இழுத்து மூடிட்டா சீக்கிரம் உதிராது. பாட்டில குலுக்காதீங்க, குலுக்குனா குமிழ் வரும், உள்ளங்கைக்கு நடுவுல வச்சு உருட்டுங்க.

எடது கையில வரையிறதப் பத்தி கேக்காதீங்க. என் சொந்த வலது கைக்கு நான் போடும்போது புள்ளிப் பூவோட நிறுத்திக்கிறேன், கோடே கிடையாது. எடது கைய மேஜைல ஊன்றி, பிரஷ்ஷ அசைக்காம வலது விரல மட்டும் திருப்பித் திருப்பிக் குடுத்தா ஓரளவு வரும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, ஓரளவுதான் வருது. அடுத்தவங்க கைக்குப் போடுறது எவ்வளவோ மேல்.

வளைகாப்புக்கு முந்துன நாள் சாயங்காலம் ஆரம்பிச்சேன். அவளுக்கு ஏழாம் மாசம், வாடைன்னாலே கொமட்டுது, அதனால ஹால்ல ஜன்னல் ரெண்டயும் தொறந்து வச்சு, பேஸ் கோட்டும் பாலிஷும் போட்டு முடிச்சதும் அவள மொட்டை மாடிக்கு அனுப்பிட்டேன், காத்தாட நடந்துட்டு வந்தா. அக்ரிலிக் பெயின்ட்ல அந்த காட்டமான பாலிஷ் வாடை இல்லாதது இங்க பெரிய உபகாரம். அவளே “அண்ணி மோதிர விரலுக்கு கனகாம்பரம்”னு கேட்டா, நல்லவேளை கனகாம்பரத்துக்கு ஒழுங்கான வட்டமே கிடையாது, விசிறி மாதிரி ஒரு பக்கமா விரிஞ்ச ஆரஞ்சு இதழ், கொஞ்சம் கோணலாப் போனாலும் அதான் கனகாம்பரம்னு சொல்லிக்கலாம். பத்து விரலுக்கும் சேத்து மூணே கால் மணி நேரம். முதுகு புடிச்சுக்கிச்சு. பார்லர்ல 150 ரூபாய் கேட்டது அநியாயமே இல்லன்னு ரெண்டாவது மணி நேரத்துலயே தோணிருச்சு.

மறுநாள் எல்லாரும் கையப் புடிச்சவங்க நகத்தப் பாக்காம விடல. சந்தனம் பூசி, பன்னீர் தெளிச்சு, கண்ணாடி வளையல் அடுக்கி, ஒரு கீறல் கூட விழல. அப்புறம்தான் சாப்பாடு. ஏழு வகை சாதமும் ஒவ்வொரு வாய், எலுமிச்சம்பழ சாதம் புளியோதரை எல்லாம் கையாலதான். சாயங்காலம் பாத்தா வலது கை நந்தியாவட்டை எல்லாம் ஆவாரம்பூ ஆயிருக்கு. மஞ்சள் ஏறிடுச்சு. டாப் கோட்டுக்கு மேலயே ஏறுது அந்தக் கறை, வெள்ளை, இளம் ரோஸ் மாதிரி வெளிர் நெறத்துல பளிச்சுன்னு தெரியும். இது எந்த வீடியோலயும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அவங்க கையால சாம்பார் சாதம் பெசஞ்சா சாப்பிடுறாங்க. சோப்பு போட்டா போகல, பட்ஸ்ல ஒரே ஒரு சொட்டு ரிமூவர் தொட்டு உரசாம ஒத்துனா மேல் கறை மட்டும் கொஞ்சம் போச்சு, மேல மறுபடி ஒரு டாப் கோட் போட்டு சமாளிச்சேன். இப்பல்லாம் சாப்புடுற கைக்கு வெள்ளைப் பூ போடுறதே இல்ல.

எத்தன நாள் நிக்குதுன்னா, அவளுக்கு வேலை குடுக்காம உக்கார வச்சிருந்ததால ஒம்போது நாள் நின்னுச்சு. எனக்கு, பாத்திரம் தேச்சு சப்பாத்தி மாவு பெசஞ்சு, நாலாம் நாளே நுனியில உதிர ஆரம்பிச்சிருது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா மெல்லிசா டாப் கோட் போட்டா ஒரு வாரம் ஓட்டலாம். எப்படியும் நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் கிட்ட வளரும், அதுக்கு மேல விட்டா அடியில வெறும் நகம் எட்டிப் பாக்கும். டெலிவரிக்கு போறதுக்கு முன்னாடி பாலிஷ் எல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க ஆஸ்பத்திரியில, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்குற கிளிப் இருக்குல்ல, அடர் கலர் பாலிஷ் இருந்தா அதுல ரீடிங் சரியா வராமப் போகலாம்னு. மாசமா இருக்குறவங்களுக்கு போட்டு விட்டா இத ஞாபகம் வச்சுக்கோங்க.

ரிமூவர் பத்தி சொல்லும்போது செட்டோட பெரிய குறை ஒன்னு. அசிட்டோன் இருக்குற ரிமூவர்ல பிரஷ்ஷக் கழுவுனேன், கைப்பிடில இருக்குற ரோஸ் பெயின்ட் கரைஞ்சு கையில பிசுபிசுன்னு ஒட்டுது, ரெண்டு பிரஷ்ல பசையும் விட்டு முடிக் கொத்து அப்படியே கழண்டு வந்துருச்சு. நெயில் ஆர்ட் பிரஷ்ஷுன்னு விக்கிறவங்க ரிமூவர் படும்னு கூடவா யோசிக்க மாட்டாங்க. அக்ரிலிக்ல வரைஞ்சா பிரஷ்ஷுக்கு வெறும் தண்ணியும் கொஞ்சம் சோப்பும் போதும், ஆனா பெயின்ட் காயுறதுக்குள்ள கழுவிடணும், காஞ்சா பிரஷ்ஷ மறந்துர வேண்டியதுதான். கழுவுனதும் முனைய கூராக்கி படுக்க வச்சு காய விடுங்க, தலைகீழா டம்ளர்ல நிக்க வச்சா முடி வளைஞ்சிரும்.

இதுக்கு பதிலா ஸ்டிக்கர் ஒட்டலாமேன்னு தங்கச்சி கேட்டா. ஒட்டிப் பாத்திருக்கேன், வளைஞ்ச நகத்துல ஓரம் தூக்கிக்கும், தலை முடி எல்லாம் அதுல மாட்டும். ஸ்டாம்பிங் தட்டு நல்லா இருக்கும், ஆனா பத்து விரல்லயும் அச்சடிச்ச பூ, அதுல செம்பருத்தியும் கெடைக்கல. ஜெல் பாலிஷும் அத இறுக வைக்கிற லேம்ப்பும் வீட்டுலயே வாங்கி வச்சுக்கலாம்னு இப்ப நெறைய பேர் வாங்குறாங்க, எனக்கு அதுல தைரியம் வரல. சரியா இறுகாத ஜெல் தோல்ல பட்டுப் பட்டு அலர்ஜி வந்துட்டா வாழ்நாளுக்கும் ஒத்துக்காமப் போயிரலாம், ஜெல்ல போடுற டிபிஓங்கிற ஒரு பொருள ஐரோப்பிய யூனியன்ல 2025 செப்டம்பர்ல இருந்து தடையே பண்ணிட்டாங்க. பயிற்சி எடுத்த கையில போட்டுக்கிட்டா அது வேற, நான் யூடியூப் பாத்து அடுத்த வீட்டு மாசமான பொண்ணுக்கு அதப் போட மாட்டேன்.

காசுக்கு தகுமான்னு கேட்டா, டாட்டிங் டூல் அஞ்சும் நல்லா இருக்கு, அந்த சாய்வு பிரஷ்ஷும் நல்லா இருக்கு, லைனர் ரெண்டு மாசம் ஒழச்சுச்சு. லைனர் சிலுப்பிக்கிட்ட அப்புறம் மாசி வீதிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில டிராயிங் பிரஷ், மூணு சைபர் போட்ட நம்பர், ஒன்னே ஒன்னு 40 ரூபாய்க்கு வாங்குனேன், செட்டுல இருந்த லைனர் எல்லாத்தையும் அது தூக்கிச் சாப்டுருச்சு, இன்னி வரைக்கும் முனை கலையல. அதனால ஏற்கனவே வரையத் தெரிஞ்சவங்க செட்டு வாங்காதீங்க, டாட்டிங் டூல் மட்டும் தனியா விக்கிறாங்க, அதையும் கடையில நல்ல பிரஷ் ரெண்டும் வாங்கிக்கோங்க. புதுசா கை வைக்கிறவங்க, எந்த பிரஷ் நமக்கு ஒத்து வரும்னே தெரியாதவங்க, பொண்ணோட சேந்து லீவுல வெளையாடப் போறவங்க தாராளமா வாங்கலாம், உடைஞ்சாலும் மனசு வலிக்காது. எம்பது ரூபாய் கொறைச்சலா இருந்திருந்தா நாலு ஸ்டார் போட்டிருப்பேன், இப்ப மூணு.

அந்த மூணு ஸ்டார்லயும் ஒன்னு அத்தையோடது. நான் மொத நாள் இதப் பிரிச்சப்ப, “மருதாணி வச்சா செவக்காத நகமா, இதுக்குப் போயி காசு”ன்னு மொனகுனவங்கதான், ஒரு வெள்ளிக்கிழமை பூஜை ரூமுக்குள்ள பாத்தா டாட்டிங் டூல சந்தனத்துல தொட்டு குத்துவிளக்குக்கு அஞ்சு முகத்துலயும் வரிசையா பொட்டு வச்சுக்கிட்டு இருக்காங்க, அதே டூலோட அந்தப் பக்க முனைல குங்குமம். நடு சைஸ் டூல் இப்ப விபூதித் தட்டுலதான் இருக்கு, எனக்கு வேணும்னா கேட்டு வாங்கி, கழுவி திருப்பி வைக்கணுமாம்.